வராதவர்களின் பங்கு

1

எங்கள் ஊர்ப் பாதிரியார் போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் ஊர் என்றதும் கிழக்கிலங்கையில் நான் பிறந்த நிந்தவூர் என்று நினைத்துவிடாதீர்கள். நிந்தவூரில் பாதிரியாருக்கு என்ன வேலை. நான் சொல்வது இங்கிலாந்தின் வடக்கில், பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு விளங்காத, வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற இந்த ஊர். கல்யாணம் முடித்துப் பல வருடம் ஊரில் இருந்துவிட்டு மகளோடு இங்கே வந்து சேர்ந்தவள் நான், இப்போது கறிவேப்பிலைக்கு மட்டும் அழுகிற அளவுக்கு இந்த ஊர்க்காரியாகிவிட்டேன்.

பாதிரியாரின் சபையில் வீட்டுக் குழுக்கள் என்று சில இருக்கின்றன. கிழமைக்கு ஒரு மாலை, யாராவது ஒருவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். வேதம் வாசிப்பார்கள், ஜெபம் செய்வார்கள், தேத்தண்ணி குடித்துக் கலைவார்கள். வெயில் காலம் வந்ததும் இந்தக் குழுக்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். ஆகவே, கோடை மாதங்களில் குழுக்களை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு சனிக்கிழமை பேச வேண்டுமாம். பேச வேண்டியது நானாம்.

"நான் முஸ்லிம் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"நன்றாக நினைவிருக்கிறது. அதைப் பற்றிக் கமிட்டியில் ஒரு முழு மாலை விவாதித்தோமே" என்றார்.

இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர். கண்ணாடி வில்லை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருக்கிறார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"கோயில்ல நிண்டு பயான் பண்ணப் போறீங்களா? ஊருல தெரிஞ்சா நம்மட ஊட்டுப் பக்கம் ஆரும் வருவானுகளா?"

"பயான், பிரசங்கம் ஒண்டுமில்ல. பீங்கானப் பத்திக் கதைக்கப் போறன்."

"ஆ, அந்தப் பீங்கான் கதையா" என்று பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். அந்தக் கதை அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. எண்பதுகள் முடியப் போகின்றன. இனியும் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கே மறந்துபோகும்.

2

முதலில் வேலியைச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டவை. எங்கள் வாசல் ஒரு தெருவில். எங்களுக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் வாசல் அடுத்த தெருவில், ஏற்றத்தில் ஒரு படி கீழே. பின்வளவுகள் மட்டும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும். நடுவில் பலகை வேலி. அந்த வீட்டுக்கு முறைப்படி போவதென்றால் எங்கள் தெருவை முழுக்க நடந்து, தபால் கந்தோர் முடுக்கில் திரும்பி, சரிவில் இறங்கி, அந்தத் தெருவில் பாதித் தூரம் திரும்பி வர வேண்டும். நல்ல நடை. பின்வளவால் போனால் கூப்பிடு தூரம்.

அந்த வீட்டில் மிஸிஸ் ஹாப்கின்ஸ் தனியாக இருந்தார். புருஷன் மௌத்தாகிப் பல வருடம். மகன் வேறு நகரத்தில். இடுப்பு எலும்பில் கோளாறு. தட்டையான தரையில் கைத்தடியோடு நடப்பார், ஏற்றம் என்றால் முகம் வெளிறிப்போகும்.

வந்த முதல் மாரி முழுக்க நான் அந்த அம்மாவைச் சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவர் என்னைப் பார்ப்பார். இருவரும் தலையை ஆட்டுவோம். அவ்வளவுதான். இந்த ஊருக்கு வந்து மாதங்கள் ஆகியும் நான் ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. கடைக்காரனோடு கதைப்பேன், பஸ் கொண்டக்டரோடு கதைப்பேன், என் மகள் ஸரீனாவின் டீச்சரோடு அவள் சொல்வது பாதி விளங்காமல் கதைப்பேன். ஒரு பெண்ணின் குசினியில் உட்கார்ந்து கதைக்கவில்லை. அது ஒரு பசி. சோற்றுப் பசியைவிட மோசம்.

அந்த மாரியின் கடைசிக் காற்றில் வேலியில் இரண்டு பலகை விழுந்தது. ஒரு ஆள் நுழையலாம்.

நிந்தவூர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். அதனால் கூடப்பிறந்த மூத்த ராத்தா வீடு ஒரு பக்கம், உம்மாவின் தங்கை சாச்சி வீடு மறுபக்கம், நடுவில் வேலி, வேலியில் கடப்பு. தெருவுக்கு வராமல், முக்காட்டைச் சரிசெய்யாமல், கையில் மாவோடு அடுத்த வீட்டுக்குப் போய்வரும் வழி அது. வாசலால் வருகிறவர் விருந்தாளி. கடப்பால் வருகிறவர் வீட்டு ஆள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஆகவே பலகை விழுந்ததைப் பார்த்ததும் என் மனசு எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸரீனாவிடம், "பாருங்க மகள், கடப்பு!" என்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில், அது ஓட்டை என்றாள்.

3

பூக்கள் வந்த பிறகு ஒரு நாள் மிஸிஸ் ஹாப்கின்ஸ் அந்த ஓட்டைப் பக்கமாக நின்று, "புதன்கிழமை மாலையில் சில பெண்கள் என் வீட்டுக்கு வருவார்கள். நீங்களும் எப்போதாவது கட்டாயம் வர வேண்டும்" என்றார்.

இந்த நாட்டில் இந்த வாக்கியத்துக்கு என்ன பெறுமதி என்று இப்போது எனக்குத் தெரியும். மழை நன்றாக இருக்கிறது என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் ஊரில் அப்படியா? கிழமையைச் சொல்லிவிட்டால் அது அழைப்பு. போகாவிட்டால் கோபம். இரண்டாம் தரமும் போகாவிட்டால் கல்யாண வீட்டிலும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு பீங்கான் நிறையப் பணியாரம் சுட்டேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடப்பால் நுழைந்து, பின்கதவைத் திறந்து, குசினிக்குள்ளால் போனேன். கூடத்தில் ஏழு பெண்கள் கதிரைகளில் வட்டமாக, கண்ணை மூடித் தலையைக் குனிந்திருந்தார்கள். ஒருவர் மெதுவாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓதல் நடக்கும்போது சத்தம் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஒரு கதிரை சும்மா கிடந்தது. பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார்கள். ஒரு ஆள் கூடுதலாக இருந்தது.

யாரும் கத்தவில்லை, இவர்கள் கத்துகிற ஆட்கள் இல்லை. ஆனால் ரோஸ் என்கிற அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்: குழுவுக்குப் புதியவர்களை அனுப்பித் தரும்படி அப்போதுதான் கேட்டு முடித்திருந்தார்களாம். கேட்டு வாய் மூடவில்லை, முக்காட்டோடு ஒருத்தி, கையில் பலகாரம்! இவ்வளவு விரைவாகவும் இவ்வளவு கோணலாகவும் பதில் வரும் என்று ரோஸ் எதிர்பார்க்கவில்லை.

மிஸிஸ் ஹாப்கின்ஸ் மட்டும் எழுந்து கேத்தலை வைத்தார். "நல்லது. கதவு பூட்டாமல் இருந்தது நல்லது" என்றார். அன்றிலிருந்து புதன்கிழமைகளில் பின்கதவை அவர் பூட்டவேயில்லை.

நான் ஒவ்வொரு புதனும் போனேன். அவர்கள் ஜெபம் செய்யும்போது சும்மா இருப்பேன். வாசிக்கும்போது கேட்பேன். பாதிக் கதைகள் எனக்கும் தெரிந்தவை: யூசுப் நபியைக் கிணற்றில் போட்டது, யூனுஸ் நபியை மீன் விழுங்கியது. சில இடங்களில் நம்முடைய கதை வேறு மாதிரிப் போகும், நான் சொல்வேன், அவர்கள் "சுவாரசியமாக இருக்கிறது" என்பார்கள். அதற்கு, இதை இத்தோடு விடுவோம் என்று அர்த்தம் என்பதைப் படிக்க எனக்கு ஒரு மாதம் போனது.

இவருக்குத்தான் பிடிக்கவில்லை. ஆனால் அவரால் அதிகம் பேச முடியவில்லை. அவரும் நகரத்தில் நாலைந்து ஆண்களும் சேர்ந்து ஒரு வாடகை அறையில் கிழமைக்கொரு ஓதல் மஜ்லிஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். பகல் நீண்டு இஷாத் தொழுகை நடுச்சாமத்துக்குத் தள்ளிப்போனதும், மறுநாள் வேலை என்று ஒவ்வொருவராகக் கழன்று, ஜூனில் அறைச் சாவியையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்தவர்களின் குழுக்கள் வெயிலுக்குப் படுத்ததைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு வாயில்லை.

4

அந்த வருடம் நோன்பு நேராக வெயில் காலத்தில் வந்து விழுந்தது. நிந்தவூரில் ஆறரைக்குள் பள்ளிவாசலில் வாங்கு சொல்லிக் கஞ்சிக் கோப்பை கைக்கு வந்துவிடும். இங்கே ஒன்பதரை மணிக்கும் சூரியன் போக மனமில்லாமல் கூரைக்கு மேல் நிற்கும்.

நோன்பு தொடங்கிய கிழமை மிஸிஸ் ஹாப்கின்ஸ் முகம் வாடியிருந்தார். வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் குழு கூடாதாம். செப்டெம்பரில் மறுபடி தொடங்குவார்களாம். ஆனால் புதுப் பாதிரியார், அதாவது இப்போது என்னைப் பேசக் கூப்பிட்டவர், அந்த வருடம்தான் வந்து சேர்ந்திருந்தார். கமிட்டியைக் கூட்டி ஒரு விதி போட்டார். கோடையில் குறைந்தது நாலு பேரோடு கூடிவராத குழுக்களைச் செப்டெம்பரில் வேறு குழுவோடு சேர்த்துவிடுவது. மிஸிஸ் ஹாப்கின்ஸின் குழுவைச் சேர்ப்பதாக இருந்தது மலையுச்சியில் இருந்த ஒரு வீட்டோடு.

"அந்த மலையில் என்னால் ஏற முடியாது" என்றார். "கார் வைத்திருப்பவர்கள் ஏற்றிப் போவார்கள் என்று சொல்கிறார்கள். முதல் மாதம் ஏற்றிப் போவார்கள்."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது. இந்த அம்மாவுக்கு ஒரு கிழமை என்றால் புதன்கிழமைதான். மற்ற ஆறு நாளும் அந்தப் புதனுக்குக் கேக் செய்கிற நாட்கள். அது போனால் ஜன்னலும் தலையாட்டலும்தான் மிச்சம். எனக்கும் அதுதான் மிச்சம். அந்த ஊரில் நான் நுழைந்த ஒரே வீடு அது.

கமிட்டியில் முதலில் எழுந்த பிரச்சினை நான். நாலு பேரில் முஸ்லிம் ஒருத்தியை எண்ணலாமா? ஒரு மாலை முழுக்கக் கதைத்தார்களாம். கடைசியில் யாரோ விதியை எடுத்து மறுபடி வாசித்திருக்கிறார். கூடிவருகிறவர்கள் என்றுதான் இருந்தது, விசுவாசிகள் என்று இல்லை. விதி என்றால் இவர்களுக்கு விதிதான். என்னை எண்ணிவிட்டார்கள். சொந்த நாட்டில் இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எண்ணியதில்லை.

ஜூலையின் முதல் புதன் நான் போனபோது மிஸிஸ் ஹாப்கின்ஸ் ஏழு பேருக்கான கேக்கை மேசையில் வைத்துவிட்டுத் தனியே உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. ரோஸ் கடற்கரையில், கரவன் என்கிற வண்டி வீட்டில். மற்றவர்கள் ஊரில்தான், அவரவர் தோட்டத்தில், பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. வெளிச்சமான மாலைகளை வீட்டுக்குள் வீணாக்க அவர்களுக்கு மனமில்லை.

"நீங்களாவது சாப்பிடுங்கள்" என்றார். பிறகு நினைவு வந்து, "ஓ, உங்களுக்கு நோன்பு" என்றார். கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மற்றவர்களின் பங்கை எப்போது அனுப்புவீர்கள்?" என்று கேட்டேன்.

"எந்தப் பங்கு?"

நான் திகைத்துப்போனேன். இவ்வளவு வயது வந்த, இவ்வளவு பக்தியுள்ள ஒரு பெண்ணுக்கு வராதவர்களின் பங்கைத் தெரியவில்லை!

5

ஊரில் எங்கள் ராத்தா வீட்டில் வெள்ளி இரவில் தெருப் பெண்கள் கூடி யாசீன் ஓதுவார்கள். எழுபதுகளின் கடைசியில், நான் கல்முனையில் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வந்த நாட்களில், நானும் அதில் ஒருத்தி. எங்களுக்கும் வெயில் காலம் வரும். கச்சான் சுடுகாற்று அடிக்கத் தொடங்கினால் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு படுக்கத்தான் தோன்றும். அதோடு சிறுபோக வெள்ளாமை வெட்டு. பாதிக் குடும்பங்கள் இறக்காமத்துப் பக்கம் வயலுக்குப் போய் வாடிக் குடிசையில் தங்கிவிடும். பகலில் வெட்டு, இரவில் யானைக்குக் காவல். ஓதலுக்கு நாலைந்து பேர்தான் மிஞ்சுவார்கள்.

ராத்தா யாரையும் வாங்கோ என்று கெஞ்சியதில்லை. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்ட அவலை, வராதவர்களையும் எண்ணிப் பங்கு வைப்பா. பீங்கான்கள் கடப்புகளால் போகும். வயலில் இருக்கிறவர்களுக்குச் சோறு ஏற்றிப் போகும் ட்ரக்டரில் போகும். பீங்கான் சட்டம் இரண்டுதான். வெறும் பீங்கானாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கறிக்குப் புளி விடும் சின்னத் தேசிக்காய் நாலாவது இருக்க வேண்டும். ஆள்விட்டு அனுப்பவும் கூடாது. பங்கு வாங்கியவள் தானே கொண்டுவர வேண்டும். எப்போது கொண்டுவருவாள்? அடுத்த வெள்ளி இரவில்தான். வந்தால் உட்காராமல் போக முடியுமா? கச்சானும் வெட்டும் முடியும்வரை எங்கள் ஓதல் ஒரு கிழமையும் நின்றதில்லை.

இதையெல்லாம் மிஸிஸ் ஹாப்கின்ஸுக்கு என் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவர், "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். நான் அந்த அர்த்தத்தைப் பொருட்படுத்தாமல் கேக்கை ஏழாக வெட்டினேன்.

பீங்கான் எடுக்க அலுமாரியைத் திறந்தபோதுதான் அந்த அம்மா பதறினார். நீலப் பூப்போட்ட பீங்கான்கள். அவருடைய கல்யாணத்துக்கு வந்த செட். அதை எடுக்க வேண்டாம், கடதாசித் தட்டு இருக்கிறது என்றார்.

"கடதாசியை யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்களே" என்றேன்.

அவர் தானே எழுந்து ஒவ்வொன்றாகத் துடைத்துத் தந்தார்.

நானும் ஸரீனாவும் தெருத் தெருவாகப் போனோம். ஸரீனா வெட்கத்தில் எனக்குப் பத்தடி பின்னால் வந்தாள், தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல. முதல் வீட்டில் இது எந்த நிதிக்கு என்று கேட்டார்கள். இரண்டாம் வீட்டில் மிஸிஸ் ஹாப்கின்ஸ் இறந்துவிட்டாரா என்று கேட்டு அந்த வீட்டு அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். நோன்புக் களைப்பில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையில் நெய் மணக்கும் கேக். அல்லாஹ் இந்தச் சோதனையை எந்தக் கணக்கில் எழுதியிருப்பான் என்று தெரியவில்லை.

மறுநாள் பார்த்தால், பீங்கான்கள் எல்லாம் மிஸிஸ் ஹாப்கின்ஸின் வாசற்படியில். கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் நன்றி எழுதிய துண்டு. வெறும் பீங்கான்! மணியைக்கூட அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே முடியவில்லை. "ஏன், நல்ல சுத்தமாகத்தானே கழுவியிருக்கிறார்கள்?" என்றார்.

அடுத்த புதன் வழியை மாற்றினேன். ஒவ்வொரு வாசலிலும் பீங்கானைக் கையில் கொடுக்கும்போது, "அவசரமில்லை. புதன்கிழமை ஏழரைக்கு மிஸிஸ் ஹாப்கின்ஸ் வீட்டில் இருப்பார்" என்றேன். அவ்வளவுதான். நாளும் நேரமும் குறித்துச் சொன்னால் இந்த நாட்டுக்காரர்கள் அதை மீற மாட்டார்கள், அது அழைப்பென்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும்.

அதற்கடுத்த புதன் ஏழரைக்கு மணி அடித்தது. மூன்று பேர், கையில் நீலப் பூப் பீங்கானோடு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்காமல் சிரித்துக்கொண்டு. குசினியில் கேத்தல் கூவியது. கதிரைகள் வட்டமாகக் கிடந்தன. எந்தப் பெண்ணால் அப்படியே திரும்பிப் போக முடியும்? மிஸிஸ் ஹாப்கின்ஸையும் என்னையும் சேர்த்தால் விதிக்கு மேல் ஒன்று.

கோடை முழுக்க அப்படித்தான் போனது. ரோஸின் பங்கை அவருடைய புருஷன் காரில் கரவனுக்கே கொண்டுபோய்விட்டார். கல்யாணச் செட்டில் ஒன்று கடற்கரையில் இருக்கிறதென்று மற்றப் பெண்களுக்கு ரோஸின் மேல் ஒரு கண். பாவம், வெட்கம் தாங்காமல் ரோஸ் ஒரு புதன்கிழமை பஸ் பிடித்துப் பீங்கானோடு வந்து சேர்ந்தார். என் பங்கை மிஸிஸ் ஹாப்கின்ஸ் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தருவார். நோன்பு நாட்களில் நான் ஒன்பதரை மணிவரை அதைக் குசினி ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ராத்தாவுக்கு இதையெல்லாம் கசெட்டில் பேசி அனுப்பினேன். கோபிப்பா என்று பயம். அவவுடைய பதில் கசெட் வந்ததும் இவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் போட்டேன்.

"கிறிஸ்தவப் பொண்டுகள்ற ஓதலுக்கு நீ பங்கு பிரிச்சியா? சரி, அது அல்லாஹ்ட வேல. ஆனா புள்ள, வெறும் பீங்கானா திருப்பித் தந்தாளுகள்? ஒரு தேசிக்காய்கூட இல்லாம? நீயும் வாய மூடிக்கிட்டு வாங்கினியாகா? சட்டத்தச் சரியாச் சொல்லிக் குடு, மறுகா அதுகள் பழகிடும்."

6

செப்டெம்பரில் கமிட்டி கூடியது. மிஸிஸ் ஹாப்கின்ஸின் குழுவை யாரோடும் சேர்க்கத் தேவையில்லை என்று முடிவாயிற்று. பாதிரியார் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். அந்தப் புதன் போனபோது பார்த்தேன், கூடத்தில் குசினிக் கதிரைகளையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

அந்தக் கிழமை சனிக்கிழமை நாங்கள் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது பின்வளவில் தார் மணந்தது. மிஸிஸ் ஹாப்கின்ஸின் மகன் வந்திருக்கிறார். தாயின் பிறந்தநாளுக்கு வேலியைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். புதுப் பலகை, நெருக்கமாக, விரல்கூட நுழையாது.

நான் சாமான் பையோடு அப்படியே நின்றேன்.

நிந்தவூரில் இரண்டு வீடுகளுக்கு நடுவில் கடப்பை அடைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சொல் முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வாசலால் போகிறவள் மானம் கெட்டவள்.

"நான் சொன்னன்தானே" என்றார் இவர். ஆனால் அதில் சந்தோஷமில்லை. "அவங்கட தேவை முடிஞ்சி. ஆக்கள் வந்திட்டாங்க, இப்ப எண்ணுறதுக்கு நம்மட தலை தேவல்ல."

ஸரீனாவுக்கு எரிச்சல். "உம்மா, அது வெறும் வேலி. சுத்திப் போய் மணி அடிங்களேன்" என்றாள், முழுக்க ஆங்கிலத்தில். வாசலால் போவதென்றால் அவர்கள் கூப்பிட வேண்டும் மகள் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அவள் இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் மணி அடித்தே போகிறவள்.

அந்தப் புதன் நான் போகவில்லை. அடுத்த புதனும் போகவில்லை. ஏழரைக்குக் கேத்தல் கூவுகிற சத்தம் வேலிக்கு மேலால் கேட்டது. குசினி ஜன்னலில் திரையை இழுத்துவிட்டேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன். ஒரு கதிரைக்காக அழுகிற வயதா எனக்கு? யாருடைய குழுவுக்காக நோன்பு வாயோடு தெருத் தெருவாக அலைந்தேனோ, அவர்கள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கும்போது ஒரு ஆள் குறைவாக இருப்பதுகூடத் தெரியவில்லையா என்று நினைத்து நினைத்து மனசு வெந்தது.

அந்த இரண்டாம் புதன், நன்றாக இருட்டிய பிறகு, எங்கள் முன்வாசல் மணி அடித்தது. பால்காரன் காசுக்கு வந்திருப்பான் என்று இவர்தான் போனார். போனவர் திரும்பி வந்து என்னை வாசலுக்குப் போகச் சொன்னார்.

வாசலில் மிஸிஸ் ஹாப்கின்ஸ். தனியாக. ஒரு கையில் தடி. முகம் சுண்ணாம்பாக வெளிறி, மூச்சு வாங்கி, ஒரு தோளைக் கதவு நிலையில் சாய்த்திருந்தார். அவருடைய தெருவைப் பாதி நடந்து, தபால் கந்தோர் முடுக்கின் சரிவில் ஏறி, எங்கள் தெருவை முழுக்க நடந்து வந்திருக்கிறார். குழுவின் கார்க்காரப் பெண்கள் ஏற்றிவருகிறோம் என்றார்களாம். வேண்டாம் என்றாராம்.

மறு கையில் ஒரு பீங்கான், துணியால் மூடி. அது நீலப் பூப் பீங்கான் இல்லை. என்னுடையது. நான் முதல் புதன் பணியாரம் கொண்டுபோய், அங்கேயே விட்டுவந்து, பிறகு மறந்தே போனது.

"இரண்டு கிழமையாக நீங்கள் வரவில்லை" என்றார். மூச்சு எடுத்து, மறுபடி சொன்னார். "போன கிழமைப் பங்கை எடுத்து வைத்திருந்தேன், காய்ந்துவிட்டது. இது இன்றையது."

நான் துணியை விலக்கினேன். ஒரு துண்டு கேக். அதன் பக்கத்தில் நாலு தேசிக்காய். இந்த ஊரில் தேசிக்காய் எந்தக் கடையில் விற்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது.

"ஆள்விட்டு அனுப்பக் கூடாது என்று சொன்னீர்கள் அல்லவா?" என்றார். "வேலி விஷயம் எனக்குத் தெரியாது. மகன் நல்லது என்று நினைத்துச் செய்தான். அதைப் பிறகு பார்க்கலாம்."

உள்ளே வந்து உட்காருங்கள் என்று வழிவிட்டேன். பீங்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அவசரமில்லை" என்றார். "புதன்கிழமை ஏழரைக்கு நான் வீட்டில் இருப்பேன்."